எழவுக்கு முன்னும் பின்னும்: லயத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மரணாதார சங்கத்தின், அதாவது சாவு வீட்டுச் செலவுக்குச் சந்தா சேர்க்கிற சங்கத்தின், கணக்குப் புத்தகம் ஒன்பது வருடம் என் கையில் இருந்தது. யார் வீட்டில் சாவு, எத்தனை பேர் காசு கொடுத்தார்கள், பெட்டிக்கு எவ்வளவு, கூடாரத்துக்கும் கதிரைக்கும் எவ்வளவு, சீனி எத்தனை கிலோ என்று வரிசையாக எழுதுவேன். கருமாதிச் செலவையும் எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்துக்குக் கீழே கோடு போட்டுவிடுவேன். அதோடு சங்கத்துக்கு அந்தச் சாவு முடிந்தது.

ஒரு நாள், புருசனைப் பறிகொடுத்த ஓர் அக்கா சந்தா கட்ட வந்தார். நாலு மாதம் ஆகியிருந்தது. “தம்பி, அன்னைக்கு வாசல்ல நிக்க எடமில்லாம சனம். இப்ப என் வாசலுக்கு யாரு வர்றா?” என்று கேட்டுவிட்டு, சந்தா ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாவு வீட்டை நடத்த நமக்குத் தெரியும். சாவுக்கு அடிக்கிற தப்புப் பறைச் சத்தம் கேட்டதும் மேல்லயம், கீழ்லயம் என்று தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாம் கூடிவிடும். விறகு வரும், கூடாரம் எழும்பும், குழி வெட்ட ஆள் போகும். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரிடம் என்ன பேசுவது என்பதும், கூட்டம் கலைந்த பிறகு மிச்சப்பட்டவரை என்ன செய்வது என்பதும்தான் நமக்குப் பிடிபடவில்லை. ஆகவே இந்த வழிகாட்டி சாவு வீட்டில் சனம் கூடுகிற அந்த மூன்று நாளுக்கு முன்னாலேயே தொடங்குகிறது. அதற்குப் பிறகும் வெகுதூரம் போகிறது.

படி 1: “சொல்லலாமா, வேணாமா?”

கண்டியிலோ பதுளையிலோ பெரியாஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் சொல்கிறார். கூடப் போன மகன் தமிழில் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுகிறான். “ஒண்ணுமில்லப்பா, மருந்து குடிச்சா சரியாப் போயிரும்.” அப்பாவுக்கு மகன் முகம் தெரியாதா? அவரும் “சரிப்பா” என்கிறார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே காம்பராவில், ஒரே அறையில் இருந்துகொண்டு, தங்களுக்கு ஒன்றும் தெரியாததுபோல நடிக்கத் தொடங்குகிறார்கள்.

இந்த நடிப்பில் அன்பு இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை பெரியது. சாகப் போகிறவர் தன் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாகிவிடுகிறார். பல குடும்பங்களில் நான் பார்த்தது, நோயாளிக்குத் தெரியும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டு உடைக்க வேண்டியதில்லை. முதலில் கேளுங்கள்: “டொக்டர் என்ன சொன்னாருன்னு நீங்க நெனைக்கிறீங்க?” அவர் எதுவரை தெரிந்து வைத்திருக்கிறார் என்பது பதிலில் வந்துவிடும். அடுத்து: “எல்லா வெவரமும் ஒங்ககிட்ட சொல்லணுமா, இல்ல அண்ணன்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா?” சிலர் “அதெல்லாம் நீங்களே பாத்துக்கங்க” என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான், அதற்கும் மரியாதை கொடுக்க வேண்டும். சிலர் கொஞ்ச நேரம் கூரைத் தகரத்தைப் பார்த்துவிட்டு, “எத்தன நாளு?” என்று கேட்பார்கள். அப்போது நாள் கணக்குச் சொல்லாதீர்கள். டொக்டர்மாரே அதில் தவறுகிறார்கள். “நோய் மாறாதாம். வலி இல்லாம பாத்துக்கலாமாம். நாங்க கூடவே இருக்கோம்” என்றால் போதும்.

மொழி தெரியாத இடத்தில் மொழிபெயர்ப்புக்குப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த பிள்ளை என்று பெருமையாகக் கூட்டிப்போகிறோம். தாத்தா சாகப் போகிறார் என்ற சேதியை முதலில் கேட்பதும் அந்தப் பிள்ளை, தன் வாயால் சொல்ல வேண்டியதும் அந்தப் பிள்ளை. பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

படி 2: ஐந்து நிலைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்

சாவைப் பற்றி யார் எழுதினாலும் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகள் வந்துவிடும். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதியவை அவை. சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி, அவர்களிடம் கண்டதை எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைத் துக்கப்படுகிற எல்லோருக்கும் பொருத்தி, ஏணிப்படி போல ஆக்கிவிட்டார்கள். மனசு அப்படி வரிசையாக ஏறுவதில்லை. காலையில் “என் பெட்டிக்குக் காசு எடுத்து வச்சிரு” என்றவர், சாயங்காலம் “அடுத்த மாசம் தேயில கவ்வாத்து வெட்டப் போகணும்” என்பார். இரண்டும் உண்மைதான். இரண்டாவதைத் திருத்தப் போகாதீர்கள்.

கோபம் மட்டும் வீட்டை உலுக்கும். அது பெரும்பாலும் பக்கத்தில் நின்று மலமூத்திரம் எடுக்கிற மருமகள்மேல்தான் விழும், எப்போதாவது வந்து பிஸ்கட் பெட்டி வைத்துவிட்டுப் போகிற மூத்த மகன்மேல் விழாது. அந்த மருமகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேறொருவர் வர வேண்டும். இது உபசாரப் பேச்சு அல்ல. பராமரிக்கிறவர் விழுந்துவிட்டால் வீட்டில் இரண்டு நோயாளி.

சிசிலி சோன்டர்ஸ் 1967இல் லண்டனில் இறுதிக்காலப் பராமரிப்புக்கென்றே ஒரு மனையைத் தொடங்கினார். வலி என்பது உடம்பு, மனசு, உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்தது, அதை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றார். மகளின் கல்யாணக் கடன் மனசை அரிக்கும்போது மாத்திரை சரியாக வேலை செய்யாது என்று இதை நம் பாஷையில் சொல்லலாம். அதற்காக உடம்பு வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். புற்றுநோய் வலிக்கு டொக்டர் மோர்பீன் எழுதினால், “அது கடைசி மருந்து, குடுத்தா ஆள் போயிருவாரு” என்ற பேச்சு லயம் முழுக்க ஓடும். சரியான அளவில் கொடுக்கிற மோர்பீன் சாவை இழுத்துக்கொண்டு வராது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். ‘வலித்தால் மட்டும்’ கொடுக்காமல் டொக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள்.

படி 3: பேச வேண்டியதைப் பேசி, தேட வேண்டியதைத் தேடி வையுங்கள்

ஒரே காம்பராவில் ஏழு பேர், நடுவில் ஒரு கட்டில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு டீவி. மனசுவிட்டுப் பேச இடம் எங்கே? நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும். காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போனவர்கள் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஒன்பது மணி வாக்கில் லயம் அமைதியாக இருக்கும். வெயில் இருந்தால் வாசலில் கதிரை போட்டு உட்கார வையுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு பேசினால் ஆம்பளைகளுக்கும் வார்த்தை வரும்.

நமக்கு “மன்னிச்சிருங்க”, “ஒங்கமேல பாசம்” என்பதெல்லாம் நாக்கில் வராத வார்த்தைகள். நேராகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. “அன்னைக்கு நான் அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது.” “கொழுந்துக் கூடையோட நீங்க நாலு மைல் நடந்து என்னைய படிக்க வச்சீங்க.” “தங்கச்சிய நான் பாத்துக்கிறேன்.” இவை போதும். பழைய சண்டைக்காரர் யாரையாவது பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். ஒரு பெரியவர் பதினெட்டு வருடம் பேசாமலிருந்த தம்பியை வரச் சொன்னார். வந்த தம்பி பேசவில்லை, அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டுப் போனார். அதைவிட அங்கே பேச என்ன இருந்தது?

இதே நாட்களில் தாள்களையும் எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், அதில் யாரைப் பெயர் கொடுத்திருக்கிறார் என்பது. நம் ஆட்களுக்கு இருக்கிற பெரிய சாபம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாயம்மா, தோட்டத்துச் சம்பளப் பேரேடான செக்ரோலில் வேறெதுவோ. ஆள் உயிரோடு இருக்கும்போது இதைச் சரிசெய்ய ஒரு கையெழுத்தோ கைநாட்டோ போதும். போன பிறகு சத்தியக் கடதாசியோடு வருடக்கணக்கில் அலைய வேண்டும். நான் பார்த்த ஒரு விதவை, புருசனின் பெயரில் இருந்த ஒரு எழுத்துக்காக மூன்று அலுவலகங்களுக்கு நடந்தார். ஒவ்வொரு மேசையிலும் “அவர் எப்படிச் செத்தார்” என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. துக்கத்தை ஆறவிடாமல் கிளறுவது இப்படியான அலைச்சல்தான். மனநலப் புத்தகங்கள் இதைப் பெரிதாக எழுதுவதில்லை.

படி 4: கடைசி நாட்கள்

முதலில் சாப்பாடு நிற்கும். இங்கேதான் வீட்டுப் பெண்கள் உடைந்துபோகிறார்கள். “ஒரு வாய் கஞ்சி கூட எறங்கல, பட்டினி போட்டுச் சாகடிச்சிட்டேனே” என்று வருடக்கணக்கில் தன்னையே குத்திக்கொண்ட மகள்களைத் தெரியும். சாப்பிடாததால் அவர் சாகவில்லை, சாகிற உடம்பு என்பதால் சாப்பாட்டைக் கேட்கவில்லை. இதை வீட்டில் மூத்தவர் ஒருவர் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு தூக்கம் கூடும். கையும் காலும் குளிரும், தோலில் ஊதாத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாக வந்து, நின்று, மறுபடி வரும். அந்த நிறுத்தம் பார்க்கிறவர்களுக்குத்தான் பயங்கரம். தொண்டையில் கரகரவென்ற சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விறகடுப்புப் புகை காம்பராவுக்குள் சுற்றாமல் கதவைத் திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து மூடி வைக்கிறோம், மூச்சுத் திணறுகிறவருக்கு முகத்தில் காற்றுப் பட்டால்தான் ஆறுதல். சின்ன விசிறியால் வீசினாலே போதும்.

இறந்துபோனவர்கள் வந்து கூப்பிடுவதாகச் சொல்வார்கள். “ஆயா வாசல்ல நிக்குது.” சாகும் தறுவாயில் இது சாதாரணமாக நடப்பதுதான். அவருக்குப் பயமில்லை என்றால் நீங்களும் பயப்படாதீர்கள், மந்திரிக்க ஆள் தேடாதீர்கள். “ஆயா என்ன சொல்லுது?” என்று கேட்கலாம். சிலர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டு, பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அணையப் போகிற விளக்கு சுடர்விட்டு எரியும் என்று நம் கிழவிகள் சரியாகத்தான் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கு வீடியோக் கோல் எடுக்க அதுதான் நேரம். “சொகமாயிட்டாரு” என்று அவளுக்கு நம்பிக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது பால் ஊற்றுவது. இதை நிறுத்தச் சொல்ல நான் யார்? ஆனால் விழுங்கும் சக்தி போன பிறகு வாயில் ஊற்றுகிற பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி இருமலும் திணறலும் கொடுக்கும். சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் ஒற்றுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒற்றலாம். மண்ணாசை, பொன்னாசை என்று மண்ணையும் தங்கத்தையும் உரசிக் கரைத்து ஊற்றுகிறவர்களும் அப்படியே நெற்றியில் பூசிவிடட்டும், நேர்த்தி குறையாது.

காது கடைசிவரை கேட்கக்கூடும் என்று பராமரிக்கிறவர்கள் நம்புகிறார்கள். ஆகவே கட்டிலைச் சுற்றி நின்று பெட்டி விலை பேசாதீர்கள். வெளியே போய்ப் பேசுங்கள்.

படி 5: உயிர் போன பிறகு

ஓட வேண்டாம். எதிர்பார்த்த சாவு என்றால் அரை மணி நேரம் யாருக்கும் சொல்லாமல் வீட்டார் மட்டும் உட்காரலாம். தப்புக்காரருக்குச் சொல்லியனுப்பியதும் செத்தவர் ஊர்ச் சொத்து, பிறகு உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

அதற்குப் பிறகு தாள் வேலை. ஆஸ்பத்திரியில் என்றால் அங்கேயே மரண அறிக்கை தருவார்கள். வீட்டில் என்றால் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். தோட்டத்துக்குள் நடக்கிற மரணத்தை நிர்வாகம் பதிவாளருக்கு அறிவிக்கிற முறை உண்டு. மூன்று மாதத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள், தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று தனி அலைச்சல். விபத்து, திடீர்ச் சாவு, தற்கொலை என்றால் உடலைக் கழுவவோ மாற்றவோ வேண்டாம், பொலிசும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் பார்க்க வேண்டும். பிரதிகளைக் கூடுதலாக எடுத்து வையுங்கள், ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் வங்கிக்கும் வேண்டும்.

படி 6: மூன்று நாள்

இந்தப் பகுதியில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் அதிகம் இல்லை. நீர்மாலை, கோடி, நெய்ப்பந்தம், வாய்க்கரிசி எல்லாம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலையைக் கொடுக்கின்றன. என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் கைக்கு வேலை இருப்பது பெரிய மருந்து.

ஒப்பாரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. படித்த பிள்ளைகள் இப்போது அதைக் கேவலம் என்று நினைக்கிறார்கள். ஸ்பீக்கரில் பக்திப் பாட்டைப் போட்டுவிட்டால் கௌரவம் என்று ஒரு நினைப்பு. ஒப்பாரி வைக்கிற பெண், செத்தவருக்கு மட்டும் அழுவதில்லை. அண்ணன்காரன் சீர் செய்யாததையும், புருசன் அடித்ததையும், மழையில் நனைந்து கொழுந்து பறித்ததையும் சேர்த்துப் பாடுகிறாள். ஊரே கேட்கும், யாரும் வாய்ப்போட முடியாது. மாசி மாதத்துக் காமன் கூத்தில் சிவனால் எரிக்கப்பட்ட மன்மதனுக்காக ரதி அழும்போது, பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களும் சேர்ந்து அழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் மன்மதனுக்காக அழுவதாக எனக்குத் தோன்றவில்லை. வருடத்துக்கு ஒருமுறை தன் சாவுகளை எடுத்து அழுதுவிட்டு வைக்க ஓர் இடம் அது. அதனால் ஒப்பாரி வைக்கத் தெரிந்த கிழவி இருந்தால் ஸ்பீக்கரை நிறுத்துங்கள்.

ஆம்பளைகளுக்கு இந்த இடம் இல்லை. குழி வெட்டுகிறார்கள், பாடை கட்டுகிறார்கள், ராத்திரி முழுக்க கார்ட்ஸ் விளையாடுகிறார்கள், பிறகு குடிக்கிறார்கள். தாயைப் புதைத்துவிட்டு வந்த மகன் கூடாரத்துக்குப் பின்னால் தனியாக நின்றால், போத்தலை நீட்டாமல் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

கடன் வாங்கிச் சாவெடுக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துபோனது. மலர்ச்சாலையில் பெட்டி பார்க்கப் போகும்போது நெருங்கிய இரத்தச் சொந்தத்தை அனுப்பாதீர்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் விலை தெரியாது, குற்றவுணர்ச்சிதான் பேசும். தள்ளிப்போன மச்சான்முறைக்காரர் ஒருவர் போகட்டும்.

படி 7: பிள்ளைகளுக்குச் சொல்வது

அஞ்சு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் செத்தவர் திரும்பி வர மாட்டார் என்பது விளங்காது. ஏழு வயது வாக்கில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். இடைப்பட்ட வயதில் நாம் சொல்கிற பொய்தான் பிள்ளைக்கு உண்மை. “தூங்குறாங்க” என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். “சாமி கூப்பிட்டுக்கிச்சு” என்றால் சாமிமேல் கோபம் வரும்.

நம் மலையில் இன்னொரு பொய் உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் மோசம்: “அம்மா வெளிநாட்டுக்குப் போயிருக்காங்க.” பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மா குவைத்தில் இருக்கிறார். இரண்டு வருடம் கழித்துச் சொக்லட்டோடும் பொம்மையோடும் வருகிறார். அதைப் பார்க்கிற பிள்ளை, தன் அம்மாவையும் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். கோல் ஏன் வருவதில்லை என்று கேட்கும். தன்மேல் கோபம், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொள்ளும். வெளிநாடு என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் சாவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

“அம்மா செத்துப் போயிட்டாங்க. அம்மாவோட ஒடம்பு வேல செய்யிறத நிறுத்திருச்சு. இனி வர மாட்டாங்க. நீ செஞ்ச எதனாலயும் இல்ல. ஒன்னைய அப்பாயி பாத்துக்கும்.” இவ்வளவுதான். அதே கேள்வியை நாற்பது தடவை கேட்டால் நாற்பது தடவையும் இதே பதில். அழுத பிள்ளை அஞ்சு நிமிடத்தில் கிரிக்கெட் விளையாடப் போனால் “பாசமே இல்ல” என்று ஏசாதீர்கள். பிள்ளைகள் துக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 8: பதினாறுக்குப் பிறகு

கருமாதி முடிந்தது. சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். பாத்திரம் கழுவி, பாயை மடித்து, மறுநாள் பிரட்டு. இங்கேதான் துக்கம் தொடங்குகிறது.

துக்கம் எப்படி நகர்கிறது என்பதற்கு ஸ்ட்ரோபே, ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் எழுதிய விளக்கம்தான் எனக்கு நம் வாழ்க்கையோடு ஒட்டுகிறது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கத்துக்கு நடுவே ஊஞ்சல் போல ஆடுகிறார். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, நினைப்பு, போட்டோ. இன்னொரு பக்கம் நாளாந்த வாழ்க்கை: சம்பளம், அரிசி, பிள்ளையின் சப்பாத்து. இரண்டிலும் மாறி மாறி இருப்பதுதான் ஆரோக்கியம். மலையில் கூட வேலை செய்கிறவர்களோடு சிரித்துக் கொழுந்து பறித்தவள், தேயிலை நிறுக்கிற இடத்தில் புருசன் நிற்கிற இடம் காலியாக இருப்பதைக் கண்டு உட்கார்ந்து அழுகிறாள். “இப்பதானே சிரிச்ச?” என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஊஞ்சலைச் சொல்லுங்கள். சிரித்தது துரோகமில்லை, அழுதது பைத்தியமுமில்லை.

இந்த நாட்களில் பயமுறுத்துகிற சில விசயங்கள் நடக்கும். ராத்திரி கதவைத் தட்டுகிற சத்தம், அவருடைய இருமல், சுருட்டு வாசம். 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்தவர்களிடம் கேட்டார். ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோம் என்றார்கள், பலர் அதை ஆறுதலாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆகவே இருமல் சத்தம் கேட்டால் மூளை கலங்கிவிட்டது என்றில்லை. கோடாங்கியிடம் போய் உடுக்கடித்துக் கேட்பது மனசுக்குச் சமாதானம் என்றால் ஒருமுறை போங்கள். “பக்கத்து வீட்டுக்காரி செய்வினை” என்று குறி வந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், இரண்டாவது சாவு அங்கிருந்துதான் தொடங்கும்.

‘மறந்துரு’ என்று சொல்லாதீர்கள். பழைய காலத்தில் மனநலக்காரர்களும் இறந்தவரோடு உறவை அறுத்துவிட வேண்டும் என்றுதான் நம்பினார்கள். 1996க்குப் பிறகு, உறவு அறுவதில்லை, வேறு வடிவில் தொடர்கிறது என்ற கருத்து வலுத்தது. நமக்கு இது புதிசா? அமாவாசைக்கு இலை போட்டு, பீடிக்கட்டும் கருவாடும் வைத்துப் படைக்கிறவர்கள் நாம். தொடருங்கள்.

குற்றவுணர்ச்சிதான் பிடிவாதமானது. “முந்துன நாளே லொறி பிடிச்சுக் கொண்டு போயிருந்தா…” என்பதை எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறேன். மழை, உடைந்த பாதை, கையில் காசில்லாத மாதக்கடைசி என்று காரணங்கள் நிஜமாகவே இருக்கும். “அதெல்லாம் விதி” என்று மூடாமல், அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லுங்கள். தனக்கு அப்போது என்ன தெரியும், என்ன தெரியாது என்பது சொல்லச் சொல்ல அவருக்கே வெளிக்கும். நாலு தடவை சொன்னாலும் கேளுங்கள்.

போகிறவர்கள் வெறுங்கையோடு போய், “ஏதும் வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள். விறகு பிளந்து வையுங்கள். கூரையில் தகரம் ஒழுகினால் அடித்துக் கொடுங்கள். பிள்ளையின் அப்பியாசக் கொப்பியைப் பாருங்கள். செத்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அந்தப் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் அவர் காத்திருக்கிறார்.

படி 9: உடல் கிடைக்காத சாவு, போக முடியாத சாவு

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கியது. மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல் வெளியே வரவேயில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோதும் மலைநாட்டில் மறுபடி அதே காட்சி. பார்க்க முகம் இல்லாமல், வாய்க்கரிசி போட வாய் இல்லாமல் நிற்கிறவர்களுக்கு மனசு செத்துப்போனதை நம்ப மறுக்கும். போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை முடிவு தெரியாத இழப்பு என்று தனியாகவே வகுத்தார். இவர்களிடம் “ஏத்துக்கங்க” என்று நெருக்காதீர்கள். அவர் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று இரண்டையும் ஒரே மனசில் வைத்திருக்க விடுங்கள். சடங்கு எப்போது என்பதை அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வைத்தோ, உடுத்திய சட்டையை வைத்தோ செய்யலாம்.

வெளிநாட்டில் வேலை செய்கிறவள், தாயின் பெட்டி மூடுவதைப் போனில் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்து, எசமானி வீட்டுத் தரையைத் துடைக்கப் போகிறாள். அவளுக்கு எழவு விசாரிக்க அங்கே ஆளில்லை. அவள் லீவில் வரும்போது ஒரு வருடம் ஆகியிருந்தாலும், நேற்று நடந்த சாவு போல வாசலில் கட்டிப்பிடித்து அழுங்கள், சமாதிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 10: ஆள் வேண்டும் என்பது எப்போது?

துக்கம் நோயல்ல. ஆனால் சிலருக்கு அது அப்படியே உறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ஆறு மாதத்துக்கு மேலும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022ஆம் ஆண்டுக் கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும், நாள் தவறாமல் வாட்டுகிற ஏக்கமும் வேலை வெட்டி செய்ய முடியாத நிலையும் நீடித்தால், நீடித்த துக்கக் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பேச்சுச் சிகிச்சை உண்டு.

சில விசயங்களுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. “நானும் அவரோடயே போயிர்றேன்” என்பதை ஒப்பாரியில் எல்லோரும் சொல்வார்கள். தனியாக, சத்தமில்லாமல், திட்டம் போட்டுச் சொன்னால் அன்றே கவனியுங்கள். நேராகவே கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” கேட்பதால் புதிதாக அந்த நினைப்பு வராது. மரக்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்துப் போத்தல்களை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். 1926க்கு எடுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும். 1333 என்ற ஆலோசனை எண்ணும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். கசிப்புச் சாராயத்தில் ராத்திரி தூங்கப் பழகியவரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், குடிகாரன் என்று தள்ளிவிடுகிறோம். முன்பு குடிக்காத மனிதர் அவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

தற்கொலையில் போனவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை, போனாலும் காரணம் கேட்கத்தான் போகிறார்கள். சந்தா விசயமாகப் போகிற சாக்கில் நான் போயிருக்கிறேன். “ஏன்” என்பதை மட்டும் கேட்காமல் வேறு எதைப் பேசினாலும் சரி.

படி 11: முதல் தீபாவளி

தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுக்கிற பட்டியலில் செத்தவர் பெயர் இருக்காது. லயம் முழுக்க எண்ணெய் வாசம், ஒரு வீட்டில் மட்டும் அடுப்பில் சட்டி ஏறாது. துக்க வீட்டில் முதல் வருடம் பலகாரம் சுடுவதில்லை என்பதால் மற்ற வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் நமக்குண்டு. இப்போது பலர் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள். நீங்களே கொண்டு போங்கள்.

உட்காருங்கள். சாயத்தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். “அண்ணன் இருந்திருந்தா முறுக்கு கல்லு மாதிரி இருக்குன்னு நம்மள கேலி பண்ணியிருக்கும்” என்று பேச்சைத் தொடங்கலாம். எழும்பும்போது அந்தம்மா தட்டைக் கழுவித் தர உள்ளே போவார். “இருக்கட்டும் அக்கா, அப்புறமா வந்து வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தட்டு அங்கே இருந்தால் இன்னொரு நாள் போகலாம்.